பாடாத பிள்ளைக்கு ஒரு நிரல்

என்னுடைய பிரியாவிடை நாளன்று ஒலிவாங்கியைக் கையில் தந்தார்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். முப்பது வருடத்துக்குக் கிட்ட முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் ஆடியும் பாடியும் குரங்கு போல நடித்தும் காட்டியவள்தான். ஆனால் வளர்ந்தவர்கள் நாலு பேர் நிமிர்ந்து பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது பிறவிக் குணம்.

அடுத்த கிழமை, என்னுடைய இடத்துக்கு வந்திருக்கும் இளம் ஆசிரியை வீடு தேடி வந்தார். கையில் நான் விட்டுவந்த பதிவுக் கொப்பி.

"ரீச்சர், இதிலை நாலு நிரல் விளங்குது. திகதி, நாங்கள் சொல்லிக் குடுத்த வரி, பிள்ளை பாடின வரி, பிள்ளையின்ர பேர். இந்த அஞ்சாவது என்னத்துக்கு? அநேகமா வெறுமையாத்தானே கிடக்கு."

"வெறுமையாக் கிடந்தால் நல்லது, பிள்ளை."

"அப்ப ஏன் சிவப்பிலை கோடு அடிச்சு வைச்சிருக்கிறியள்?"

வாயால் சொல்லத் தொடங்கினேன். இரண்டு வசனத்துக்கு மேல் வரவில்லை. "எழுதித் தாறன்" என்றேன். ஒலிவாங்கியில் சொல்லியிருக்க வேண்டியதும் இதுதான்.

நான் பத்தாம் வகுப்புச் சோதனையோடு நின்றவள். கணக்கில் சித்தியில்லை. முன்பள்ளிக்கு ஆள் எடுத்தபோது பத்து நாள் பயிற்சி தந்தார்கள். அதில் ஆறு நாள் மழை. காகிதத்தில் பூச்செய்யவும், பிள்ளைகளை வட்டமாக இருத்தவும், நகம் பார்க்கவும் பழகினோம். பிறகு உடையார்கட்டில் ஒரு கிடுகுக் கொட்டிலையும் முப்பத்திரண்டு பிள்ளைகளையும் காட்டி, "இனி நீங்கள்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து வந்து ஒரு வருடம் ஆகியிருந்த நேரம். காணிக்குக் காணி தறப்பாள் கொட்டில்கள். எங்களுக்குக் கரும்பலகை பாதிதான் இருந்தது, வெண்கட்டி இல்லை. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினார்கள். கொட்டிலுக்குப் பின்னால் குண்டுவீச்சுக்குப் பதுங்கும் பங்கர். கொப்பி, பென்சில், சவர்க்காரம், மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. பாட்டுக்கு மட்டும்தான் தட்டுப்பாடு இருக்கவில்லை. அதற்குக் காரணம் பாட்டு ஐயா.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கிளிநொச்சியில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்று, குளத்துக்குக் கீழே வயல் செய்துகொண்டிருந்தவர். இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்பில் ஒரு தெரிந்தவர் வளவில் இருந்தார். அந்த இடப்பெயர்வைப் பற்றி அவருடைய மனைவி ஒருமுறை என்னிடம் சொன்னார்: "சனமெல்லாம் அரிசி மூட்டை கட்டினது. இவர் பாட்டு மூட்டை கட்டினவர். ரெண்டு வேட்டி, இருவது கொப்பி. அந்த ரெண்டு வேட்டியிலையும் ஒண்டு கொப்பியைச் சுத்தத்தான்."

பக்கத்தில் நின்ற ஐயா, "மற்றதைக் கட்டியிருந்தனான்தானே" என்றார்.

சந்தையில் அவர் சைக்கிளை நிறுத்தினால், வெங்காயம் விற்கிற பெண்ணின் மடியில் இருக்கிற குழந்தை பாடத் தொடங்கும். பேருந்துக்குள் தாய்மார் பிள்ளைகளைத் தூங்கவைக்க முணுமுணுத்த பாட்டுகளில் பாதி அவருடையவை. ஆனால் அவருக்குப் பாட வராது. குரல் கரகரக்கும், மூச்சு இழுப்பு வேறு. அவர் ஒரு மெட்டில் தொடங்கி இன்னொன்றில் முடிப்பார். பிள்ளைகள் அதை நேராக்கிப் பாடுவார்கள். "மெட்டுப் போடுறது அவையின்ர வேலை, என்ர வேலை இல்லை" என்பார்.

முன்பள்ளிகளுக்குப் பாட்டு எழுதுவதையும் மேற்பார்வை செய்வதையும் அவரிடம் விட்டிருந்தார்கள். ஆகவே அவர்தான் எனக்கு மேலதிகாரி. அவர் வேலை செய்த முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

புதுப் பாட்டொன்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வருவார். நான் பிள்ளைகளுக்கு மூன்று நாள் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான்காம் நாள் யாரும் பாடச்சொல்லக் கூடாது. அன்று ஐயா வந்து, பாலை மரத்தின் கீழே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். சைக்கிள் சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவது போல ஒரு பாவனை. பிள்ளைகள் விளையாடும்போது தாங்களாகப் பாடுகிறார்களா, எதைப் பாடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாளும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

"நான் பார்த்தால் எனக்காகப் பாடுவினம். அது கச்சேரி. எனக்கு அது வேண்டாம்."

பிள்ளைகள் பாடாத பாட்டு பாட்டே இல்லை. அந்தத் துண்டை அவர்களிடமே கொடுத்துக் கப்பல் செய்யச் சொல்லிவிடுவார். காகிதம் கிடைக்காத காலத்தில் அது பெரிய பரிசு. நிலாவைப் பற்றி அவர் எழுதிய நல்ல பாட்டொன்றை வகுப்பு முழுவதும் வாயே திறக்காமல் இருந்து கப்பலாக்கியது. பிறகுதான் தெரிந்தது, குகன் என்ற வாலுப் பயல் எல்லோரிடமும், "ஒருத்தரும் பாடாதேங்கோ, கடுதாசி தருவார்" என்று சொல்லிவைத்திருக்கிறான். நான் பயந்துகொண்டு அதைக் கொப்பியில் எழுதினேன். ஐயா வாசித்துவிட்டு இழுப்பு வரும்வரை சிரித்தார். நிலாப் பாட்டை மீட்கவும் இல்லை. "கப்பலாப் போனது போனதுதான்."

பிள்ளைகள் மாற்றிப் பாடினால், அந்த மாற்றம்தான் சரி. ஒருமுறை,

ஆட்டுக் குட்டி துள்ளுது
அகத்தி இலையைக் கிள்ளுது

என்று எழுதித் தந்தார். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி "அகத்தி இலையைத் தின்னுது" என்றுதான் பாடினாள். மற்றவர்களும் அவளோடு சேர்ந்துவிட்டார்கள். ஐயா கொப்பியை மூடிவைத்துக்கொண்டு யோசித்தார்.

"ஆடு கிள்ளுமோ, ரீச்சர்?"

நான் தலையை ஆட்டினேன்.

"கிள்ளாது. தின்னும். நான் எதுகைக்காக ஆட்டுக்குக் கை வைச்சிட்டன்." பேனையை எடுத்து, "ஆட்டுக் குட்டி துள்ளுது, அகத்தி இலையைத் தின்னுது" என்று மாற்றினார். "எதுகையை ஆடு திண்டிட்டுது. போகட்டும்."

பிள்ளை பாடியதைக் கேட்டபடியே எழுதுவது என்னுடைய வேலை. கிளை அலுவலகமொன்றின் பழைய படிவங்களைத் தைத்துச் செய்த கொப்பி, பின்பக்கத்தில் எழுதுவோம். நாலு நிரல். பிள்ளையின் பெயர் கட்டாயம் வேண்டும். புத்தகம் ஒன்று போட்டால் அந்தப் பெயர்களெல்லாம் அதில் வர வேண்டும் என்பது அவருடைய எண்ணம். கிழமைக்கு ஒருமுறை கொப்பியை வாசித்து ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒப்பம் வைப்பார். மற்ற அதிகாரிகள் "பார்த்தேன்" என்று எழுதுவார்கள். ஐயா "கேட்டேன்" என்று எழுதுவார். மரத்தின் கீழே இருந்து தன் காதாலும் கேட்டது, நான் எழுதியதும் அதுவே என்பது அதன் பொருள். அவரோடு நிமிர்ந்து நின்று பேச எனக்கு வரவில்லை. ஆனால் அந்தக் "கேட்டேன்" வந்த நாட்களில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நானே பாடிக்கொண்டு போவேன்.

அப்படி இருக்கும்போதுதான் தோணிப் பாட்டு வந்தது.

தோணி தோணி ஓடி வா
துள்ளும் அலையில் ஆடி வா
அப்பா கொண்டு வாற மீனை
அள்ளிப் பார்ப்போம் கூடி வா

முதல் நாளே பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். கொட்டிலுக்கு வெளியே விழுந்து கிடந்த தென்னங்குற்றி அவர்களுக்குத் தோணி. வரிசையாக ஏறியிருந்து கையால் துடுப்புப் போட்டுப் பாடுவார்கள். திருத்தம் ஒன்றுமில்லை. கொப்பியில் எழுத எதுவும் இல்லாமல் நான் கவலைப்பட்ட பாட்டு அது ஒன்றுதான்.

ஜெனிற்றா என்று ஒரு பிள்ளை. ஐந்து வயது. முல்லைத்தீவுக் கரையில் இருந்து தாயோடு வந்தவள். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஆள் வரவும் இல்லை, செய்தி வரவும் இல்லை. தாய் பிலோமினா கருவாடு வாங்கிப் புதுக்குடியிருப்புச் சந்தைக்குக் கொண்டுபோவார். ஜெனிற்றா வகுப்பில் கதைப்பது குறைவு. பாடுவதே இல்லை. வெட்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன். வெட்கப்படுகிறவர்களை நானும் விடாமல் வேறு யார் விடுவது?

இரண்டாம் நாள் பாடிக்கொண்டிருக்கும்போது அவள் எழுந்துபோய்த் தண்ணீர்ப் பானையைத் திறந்து குவளையில் அள்ளிக் குடித்தாள். மூன்றாம் நாளும் போனாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. ஐந்தாம் நாள் கவனித்தேன். இரண்டாவது அடி முடியும்போது எழும்புவாள். பானையடிக்குப் போய்ச் சேரும்போது "அப்பா கொண்டு வாற" என்று வகுப்பு பாடும். குவளை வாயில் இருக்கும். பாட்டு முடிந்த பிறகு வந்து இருப்பாள். தாகம் இல்லை. குடிக்கிற நேரத்தில் காதுக்குள் வேறு சத்தம் இருக்கும், அதற்காக.

கொப்பியைத் திறந்தேன். பாடின வரிக்கு நிரல் இருந்தது. தண்ணீர் குடித்த பிள்ளைக்கு எங்கே எழுதுவது? பாட்டு நல்லாய்ப் போகிறது, ஒரு பிள்ளைக்காக மாற்றுங்கோ என்று ஐயாவிடம் சொல்ல நான் யார்?

அன்று பின்னேரம் கொட்டிலைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாட்டை வாய்க்குள் பாடிப் பார்த்தேன். "அப்பா"வை எடுத்துவிட்டு என்ன போடலாம்? மாமா, தாத்தா, ஊரார் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை. அப்போது சும்மா வாயில் வந்தது:

நானே கொண்டு வாற மீனை
அள்ளிப் பார்ப்போம் கூடி வா

நன்றாக இருந்தது. நான் பாடியது எனக்கே கேட்டு வெட்கமாகவும் இருந்தது. பிலோமினா வர நேரம் சென்றதால் ஜெனிற்றா மட்டும் வாசலில் இருந்து மணலைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

பிறகு நான் செய்ததுதான் இந்தக் கட்டுரையின் காரணம். கொப்பியை எடுத்தேன். சொல்லிக் கொடுத்த வரி: அப்பா கொண்டு வாற மீனை. பிள்ளை பாடின வரி: நானே கொண்டு வாற மீனை. பிள்ளையின் பெயர்: ஜெனிற்றா.

பிள்ளை பாடியது என்றால் ஐயா ஒன்றும் கேட்காமல் மாற்றிவிடுவார். யாருக்கும் நட்டமில்லை என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது கொப்பியை வாங்குப் பலகையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை, வராத நாளில், ஐயாவின் சைக்கிள் மணி கேட்டது. முற்றத்திலேயே சத்தமாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"எங்கை அந்தக் கவிஞர்? எங்கை அந்தப் பிள்ளை?"

பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ரீச்சர், நான் இத்தினை வருசமாப் பிள்ளையைக் கரையிலை நிப்பாட்டி வைச்சுத்தான் பாட்டு எழுதினனான். தோணி வரும் பார், அப்பா வருவார் பார் எண்டு. இந்தப் பிள்ளை தானே ஏறிப் போய் மீனைக் கொண்டு வருது! இப்பிடி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. அச்சுக்கூடத்திலை சொல்லிப்போட்டன், தோணிப் பாட்டுத்தான் புத்தகத்துக்கு முதல் பாட்டு எண்டு."

மூன்று வருடமாக முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவர் அன்றுதான் பிள்ளைகளுக்கு நேரே குந்தியிருந்தார். ஜெனிற்றாவுக்கு முன்னால். சட்டைப்பையில் இருந்து ஒரு பென்சிலை எடுத்தார். ஒரு முனை சிவப்பு, மற்ற முனை நீலம். அந்த நாளில் அதை எங்கே தேடிப் பிடித்தாரோ தெரியாது.

"ஒருக்காப் பாடுங்கோ குஞ்சு. ஐயாவுக்காக இல்லை, சும்மா."

ஜெனிற்றா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து பானையடிக்குப் போனாள்.

"ஐயா, அவள் பாடமாட்டாள்!" என்றான் குகன். "அவள் ஒரு நாளும் பாடினதில்லை. தண்ணிதான் குடிப்பாள்."

ஐயா குந்தியபடியே என் பக்கம் திரும்பினார். "ரீச்சருக்கு மட்டும் தனியாப் பாடிக் காட்டினவளோ?"

வளர்ந்தவர்கள் கேட்டால் நான் தலையாட்டுவது வழக்கம். ஓம் என்று ஆட்டினேன்.

அவர் மகிழ்ச்சியாய்ப் பென்சிலை ஜெனிற்றாவின் கையில் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கைகாட்டிவிட்டுப் புறப்பட்டார். அவர் வாசல் படலையைத் தாண்டுமுன் ஜெனிற்றா வந்து அந்தப் பென்சிலை என்னுடைய மேசையில், என் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். போய்த் தன் இடத்தில் இருந்தாள்.

அவள் கேட்டிருக்கிறாள். அது யாருடைய வரி என்று அவளுக்குத் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளை தனக்கு உரியதல்லாததைத் திருப்பித் தந்துவிட்டது. அதன் பிறகு என்னால் அந்தக் கதிரையில் இருக்க முடியவில்லை.

ரோட்டில் ஓடினேன். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயா! ஐயா!" என்று கத்திக்கொண்டு. மதகடியில் நின்ற ஆட்கள் பார்த்தார்கள். "என்ன ரீச்சர், கிபிர் வருதோ?" என்று ஒருவர் குண்டு விமானத்தைத் தேடி வானத்தைப் பார்த்தார். ஐயா சைக்கிளை நிறுத்தினார்.

"ஐயா, அந்த வரி அவள் பாடினதில்லை. நான் பாடினது. நான்தான் அவளின்ர பேரை எழுதினனான்."

அவர் இறங்கினார். சைக்கிளை மதகில் சாத்தினார். பையைத் திறந்து கொப்பியை எடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதிலை வேறை எத்தினை இப்பிடி?"

"வேறை ஒண்டும் இல்லை ஐயா. இது ஒண்டுதான்."

"நான் என்னண்டு நம்புறது?"

அவர் கொப்பியை மூடினார்.

"ரீச்சர், என்ர பாட்டு நல்லது எண்டு நான் நம்புறதில்லை. இந்தக் கொப்பியைத்தான் நம்புறனான். நாப்பது பாட்டு இதிலை நிக்குது." கொப்பியை என்னிடம் தந்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் களைத்தவர் போலப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. புத்தக வேலையை நிறுத்திவைத்திருக்கிறார் என்று புதுக்குடியிருப்புப் பக்கத்து ரீச்சர் ஒருவர் சொன்னார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாற்பது பாட்டு என் ஒரு வரியால் சந்தேகத்தில் நின்றது.

விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் கொப்பி என்னிடம் இருந்தது. மூன்றாவது கிழமை, அதன் கடைசிப் பக்கத்தில், நிரல் ஒன்றும் போடாமல், உண்மையில் கண்டதை எழுதினேன். எந்த நாள், எந்த அடியில் எழும்பினாள், பானையடியில் எவ்வளவு நேரம் நின்றாள், தகப்பன் விஷயம், எல்லாம். கடைசியில், "இதை எழுத நிரல் இருக்கவில்லை, அதனால் பொய் எழுதினேன், மன்னிக்கவும்" என்று எழுதினேன். ஐயாவிடம் சேர்க்கச் சொல்லி, சந்தைக்குப் போகும் பிலோமினாவிடம் கொடுத்துவிட்டேன். தன்னுடைய மகளைப் பற்றி எழுதியிருப்பது தெரியாமலே அவர் அதைக் கருவாட்டுப் பெட்டிக்கு மேலே வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் கொப்பி திரும்பி வந்தது. கருவாட்டு மணம். என்னுடைய பக்கத்தின் அடியில் ஐயாவின் எழுத்து: "பார்த்தேன்."

"கேட்டேன்" இல்லை. பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த வெறும் பக்கத்தில் அடிமட்டம் வைத்து நாலு நிரலுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு அடித்திருந்தார். ஐந்தாவது நிரலின் தலைப்பில், "பாடாத பிள்ளை" என்று எழுதியிருந்தது. கீழே ஒரு குறிப்பு: "உம்முடைய வரியையும் மூன்று நாள் சொல்லிக்கொடும். மற்றப் பாட்டுக்கு என்ன சட்டமோ அதே சட்டம். நாலாம் நாள் வருவேன்."

சொல்லிக்கொடுத்தேன். என் சொந்த வரியைச் சொல்லிக்கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளைகளுக்கு அது தெரியவா போகிறது? "நானே" என்ற இடத்தில் எல்லோரும் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினார்கள். மூன்று நாளும் ஜெனிற்றா பாடவில்லை. ஆனால் பானையடிக்கும் போகவில்லை. ஐந்தாவது நிரலில் அவளுடைய பெயரை எழுதி, "எழும்பவில்லை" என்று போட்டேன்.

நாலாம் நாள் ஐயா வந்தார். பாலை மரத்தின் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து சங்கிலியைத் துடைத்தார். நான் கிணற்றடிப் பக்கம் நின்றேன். பிள்ளைகள் தென்னங்குற்றியில் ஏறினார்கள். குகன் முன்னுக்கு. ஜெனிற்றா கடைசியில், முன் அணியத்துக்கு எதிர்ப்பக்கம், தனியே.

பாடினார்கள். ஒரு தரம், இரண்டு தரம். பிறகு குகன், "நண்டு! நண்டு!" என்று கத்திக்கொண்டு குதித்து ஓட, எல்லோரும் அவனுக்குப் பின்னால் ஓடிவிட்டார்கள். தோணியில் ஜெனிற்றா மட்டும். கையால் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது மெல்லிய ஒரு குரல்:

நானே கொண்டு வாற மீனை
அள்ளிப் பார்க்க அப்பா வா

துடுப்பு நிற்கவில்லை. திரும்பத் திரும்ப அந்த இரண்டு அடியைத்தான் பாடினாள்.

ஐயாவின் கை சங்கிலியில் அப்படியே நின்றுவிட்டது. முதுகைத் திருப்பாமல் மெதுவாகக் கேட்டார்.

"ஆர் பாடுறது, ரீச்சர்?"

"ஜெனிற்றா, ஐயா."

"நான் ஒருக்காத் திரும்பிப் பார்க்கட்டே?"

"திரும்பாதேங்கோ!" என்றேன். இவ்வளவு சத்தமாக அவரோடு நான் பேசியதில்லை. "பார்த்தால் நிப்பாட்டிப்போடுவாள். இருங்கோ பேசாமல்."

"சரி, சரி" என்று அவர் அடங்கி இருந்தார். தோள்கள் மட்டும் அசைந்தன. இழுப்பு என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

பிறகு கொப்பியைக் கேட்டு வாங்கினார். நான் அதற்குள் எழுதியிருந்தேன். பிள்ளை பாடின வரி, ஜெனிற்றா. வாசித்துவிட்டு, "எதுகை போச்சு" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை. அடியில் "கேட்டேன்" என்று எழுதினார்.

"இதைப் புத்தகத்திலை போட எனக்கு உரிமை இல்லை. தாயைக் கேக்கவேணும்."

பிலோமினா வரும்வரை இருந்தார். அவர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு நிற்க, ஐயா நடந்ததைச் சொன்னார். பாட்டைச் சொல்லும்போது பாட முயலவில்லை, வாசித்தார். பிலோமினா கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"என்ர பிள்ளை பாடினதோ? வாய் திறந்து?"

"ஓம் அம்மா. நீங்கள் வேண்டாம் எண்டால் போடமாட்டன்."

பிலோமினா மகளைப் பார்த்தார். அவள் மணலில் எதையோ கீறிக்கொண்டிருந்தாள்.

"போடுங்கோ ஐயா. அவர் வந்தால் வாசிக்கட்டும்."

போகும்போது ஐயா, "அந்தப் பென்சில் எங்கை?" என்று கேட்டார். மேசையிலேயே கிடந்தது, யாரும் தொடவில்லை. வெற்றிலைப் பையில் இருந்து சின்னக் கத்தியை எடுத்து நடுவில் வைத்து நறுக்கினார். நீலப் பாதியை ஜெனிற்றாவிடம் கொடுத்தார். இந்த முறை அவள் வாங்கிக்கொண்டாள். சிவப்புப் பாதியை என்னிடம் நீட்டினார். ஐந்தாவது நிரலுக்கு நான் சிவப்பில் கோடு அடிக்கத் தொடங்கியது அந்தத் துண்டால்தான். அது தேய்ந்து முடிந்த பிறகும் பழக்கம் விடவில்லை.

சைக்கிளில் ஏறிய பிறகு ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "ரீச்சர், உமக்கு எத்தினை வயசு?" என்றார்.

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கலியாணம் பேசப் போகிறாரோ என்று கூட நினைத்தேன். "முப்பத்தொண்டு, ஐயா."

"ம்" என்று போய்விட்டார்.

புத்தகம் சில மாதங்களுக்குப் பின் வந்தது. அச்சடிக்கத் தாள் கிடைக்காததால் கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்திருந்தார்கள். வரிகளுக்கு மேலே நீலக் கோடுகள் ஓடும். முதல் பாட்டு தோணிப் பாட்டு. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டி முடித்தபிறகு, அவர்கள் போனபின், தனியே இருந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். "இந்தப் பாட்டுகளைத் திருத்திய பிள்ளைகள்" என்று தலைப்பு. பாட்டு வாரியாகப் பெயர்கள், அடைப்புக்குறிக்குள் வயது. ஆட்டுக்குட்டிப் பாட்டுக்கு எங்கள் பிள்ளையின் பெயர் இருந்தது. நிலாப் பாட்டு புத்தகத்தில் இல்லை. ஆனால் "கப்பலாக்கியவர்" என்று போட்டுக் குகனின் பெயர் இருந்தது. வேறு முன்பள்ளிகளின் பிள்ளைகள் பலர்.

ஐயா இன்று இல்லை. பிறகு வந்த இடப்பெயர்வுகளில் அந்தக் காலத்துக் கொப்பிகள் எல்லாம் போய்விட்டன. இந்தப் புத்தகத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்துவிட்டேன். கேள்வி கேட்ட இளம் ஆசிரியையிடம் நேற்று அந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். அவர் விரலை வைத்து வாசித்துக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்று, "ரீச்சர், இஞ்சை அச்சுப் பிழை ஒண்டு கிடக்கு" என்றார்.

பிழை இல்லை என்று சொன்னேன். அந்த இடத்தில் இப்படித்தான் இருக்கிறது:

தோணிப் பாட்டு:
ஜெனிற்றா (5)
சிவமலர் (31)